தோபாஷி ஓட்டிய பிளாஸ்டிக் வண்டி

முப்பத்தெட்டு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனிதனிடம் பிளாஸ்டிக் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் கோபம் வராதா? தோபாஷிக்கு வரவில்லை. எனக்கு வந்தது. டிப்போ சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்குத் தினமும் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தவள் நான். இப்போது பக்கத்து வீட்டுக்காரி. கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

கொண்டுவந்தது அவர் மகள் மிஹோகோ, ஒசாகாவிலிருந்து. கையில் வைத்து விளையாடும் கேம் பெட்டி ஒன்று, அதை நடுவில் செருகிக்கொள்ள ஒரு வட்டச் சக்கரம். சக்கரத்தைச் சாய்த்தால் திரையில் கார் திரும்பும்.

"அப்பா, லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க. ஓட்டணும்னு ஆசை வந்தா இதுல ஓட்டுங்க. யாருக்கும் அடிபடாது."

"நல்லாத்தான் இருக்கு. டெஸ்டுக்குப் பழகிக்கிறேன்" என்றார் தோபாஷி. மகள் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வருஷம் அவருக்கு எழுபத்தெட்டு. வசந்தத்தில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டிப் போலீஸிடம் அபராதச் சீட்டு வாங்கியிருந்தார். அந்த வயதில் அப்படி ஒரு சீட்டு இருந்தால், ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் புதுப்பிப்பார்கள். சீட்டு விஷயத்தை மிஹோகோவுக்கு போன் போட்டுச் சொன்னது நான்தான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அவருக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது ஊர் சுற்ற அல்ல. மனைவி ஹட்சுயேவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காரில் நாற்பது நிமிஷம். அவர் ஓட்டிய பஸ் தடத்தை ஆளில்லை என்று எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கார் இல்லையென்றால் ஹட்சுயே ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட வேண்டியதுதான். எனக்கோ சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

மனிதர் தினமும் காலையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். "வலது சரி. இடது சரி" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். பந்தயப் பாதையில் அவர் வேகம் மணிக்கு நாற்பது. மற்ற கார்கள் விர்ரென்று முந்திப் போகும். ஒவ்வொன்றுக்கும் சக்கரத்திலிருந்து வலது கையை எடுத்து நெற்றிப் பக்கம் உயர்த்துவார். எங்கள் கம்பெனி டிரைவர்கள் சாலையில் சந்தித்தால் அப்படித்தான் செய்வார்கள். ஒற்றைக் கையில் சக்கரம் சாய்ந்து கார் கடலுக்குள் விழும்.

"திரும்பவும் கடல்லயா? மீன் வாங்கப் போனீங்களா?" என்பாள் ஹட்சுயே. அவளும் ஒரு காலத்தில் அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள்தான்.

"ஒருத்தன் பக்கத்துல போறான். கைகூட காட்டலைன்னா என்ன மனுஷன்?"

"அது பொம்மைங்க."

"பொம்மைன்னா மரியாதை வேணாமா?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அந்த வயதுக்காரர்களுக்கு முதலில் வைக்கும் ஞாபகசக்திப் பரீட்சையில் தேறிவிட்டார். அடுத்து ஓட்டும் பரீட்சை. பயிற்சிப் பள்ளி மைதானத்தில் ஒரு வளைவு. எதிரே இன்னொரு கார் வந்தது. அதில் பரீட்சைக்கு வந்திருந்தவர் பழைய டிப்போ ஆள் உவேட்டா. தோபாஷியின் கை தானாக மேலே போனது. பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. அதோடு முடிந்தது.

"திரும்ப எத்தனை தடவை வேணாலும் ஓட்டிக் காட்டலாமாமே அண்ணே. நாளைக்கே போங்க" என்று கத்தினேன்.

"ஏறுன இடத்துல ஆள் நின்னிருந்தா?"

"நிக்கலையே."

"உள்ள ஹட்சுயே உக்காந்திருந்தா?" என்றார்.

மறுநாள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் ஹட்சுயேவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நகரசபை வேன் எங்கள் ஊருக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வரும். ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டார்கள். பாழாய்ப்போன அந்த போனை நான் செய்யாமல் இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்கிறாள் மிஹோகோ. எனக்கு மனசு ஆறவில்லை.

பிப்ரவரியில் ஹட்சுயேவின் இதயம் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தைத் தாங்காது என்று அதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் போனேன். கண்ணை மூடியபடி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

தோபாஷி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். துணிப்பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் சக்கரத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்ஜின் சத்தம் மெதுவாக எழுந்தது.

"எங்க வந்திருக்கோம்?"

"பாலம் தாண்டியாச்சு. இனி ஏத்தம்தான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "இப்ப?"

"தேயிலைத் தோட்டம். இன்னும் ரெண்டு வளைவு."

நான் திரும்பிப் பார்த்தபோது திரையில் அவர் கார் பாதையோரம் நின்றிருந்தது. அவர் கன்னம் நனைந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

"வீடு வந்தாச்சு, ஹட்சுயே. படி ஈரமா இருக்கு, பாத்து இறங்கு."

போர்வைக்குள் அவள் கால் கொஞ்சம் அசைந்தது.