லா சப்பலில் பிறந்த மெக்சிக்கோக் குழம்பு

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் இந்தப் பிரான்ஸ் நாட்டில் கட்டியெழுப்பியவற்றைச் சொல்கிறேன்: ஆர்ஜொந்தெயில் மாடி வைத்த வீடு, மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பட்டம், கோயில் தேருக்கு ஒரு சில்லு, பெண் தர மறுத்த மாமனாரின் வாயிலிருந்தே "என்ர மருமகன்" என்ற சொல். இவற்றோடு ஒரு மெக்சிக்கோவையும் கட்டினேன். அதைத்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மெக்சிக்கோ உணவகத்தில் பதினேழு வருடமாகக் குசினியில் சமையல் என்றால் நான்தான். முதலாளி பிரெஞ்சுக்காரர். மெக்சிக்கோவில் இரண்டு கிழமை நின்றவர். அதில் ஒரு கிழமை வயிற்றோட்டத்தில் கட்டிலோடு கிடந்தாராம். மற்றக் கிழமையில் வாங்கிய பெரிய தொப்பி சுவரில் தொங்குகிறது. அவருடைய மெக்சிக்கோ அறிவு முழுவதும் அதுதான்.

மோலே என்பது கோழிக்கு மேல் ஊற்றும் கறுத்த மிளகாய்க் குழம்பு. எங்கள் கடைக்கு அது தகரப் பேணியில் வரும்; சூடாக்கி ஊற்றுவோம். ஒரு ஓகஸ்டில் முதலாளி கடற்கரைக்குப் போயிருந்த நேரம் பேணி முடிந்துவிட்டது. அலங்காரத்துக்குப் போத்தல்களில் வைத்திருந்த காய்ந்த மிளகாய்களை இறக்கினேன். ஆஞ்சோ அகலமாய்க் கறுத்துச் சுருங்கியிருந்தது. குவாஹியோ நீளம், நல்ல சிவப்பு. சிப்போத்லே புகையில் வாட்டியது, சுருட்டு மணம் வீசியது. ஆஞ்சோவில் ஒரு துண்டைக் கடித்தேன். உறைப்பே இல்லை.

"அண்ணை, இது மிளகாயோ, பழமோ?" என்று கேட்டார் எங்கள் கடையில் கோப்பை கழுவும் வன்னிக்காரர்.

"மிளகாய்தான். இவங்களுக்கு வறுக்கத் தெரியாது. அதுதான் சோம்பிப்போய்க் கிடக்குது."

அந்த மிளகாய்க்கு லேசாகச் சூடு காட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைக்க வேண்டுமாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். யாழ்ப்பாணத்துத் தூளுக்கு வறுப்பதுபோல மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துக் கறுக்கக் கறுக்க வறுத்து இடித்துவிட்டேன். குழம்பு வேப்பெண்ணெயாய்க் கைத்தது. வெளியே மேசைகளில் ஆட்கள் வந்து இருந்துவிட்டார்கள். வேறொருவன் என்றால் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பான். மெக்சிக்கோக்காரர் சொக்கலேட் போடுவார்கள் என்று கேள்வி. கோழிக்குச் சொக்கலேட் போட என் கை வரவில்லை. வன்னிக்காரரை எதிர்க்கடைக்கு அனுப்பிப் பனங்கட்டியும் பழப்புளியும் எடுப்பித்தேன். எள்ளும் கச்சான் கடலையும் வறுத்து அரைத்துச் சேர்த்தேன். அன்று திரும்பிவந்த தட்டுகளில் ஒரு பொட்டுக் குழம்பு மிஞ்சவில்லை.

"எனக்கு வேலையே வைக்கேல்லை அண்ணை. அப்பிடியே அடுக்கலாம்," என்றார் வன்னிக்காரர்.

முதலாளி வெயிலில் சிவந்துபோய்த் திரும்பிவந்தார். ஒரு கரண்டி நக்கினார். பேணி வாங்குவதை நிறுத்தினார். அடுத்த கிழமையே மேசை மேசையாகப் போய்க் கதை சொல்லத் தொடங்கினார்: மலைக் கிராமமாம், கழுதையில் பயணமாம், யாரோ ஒரு கிழவர் காதுக்குள் சொன்ன இரகசியமாம்.

போன மாசியில் மெக்சிக்கோப் பெண் ஒருவர் சாப்பிட வந்தார். தட்டை முடித்துவிட்டு, எந்தெந்த மிளகாய் போட்டது என்று முதலாளியைக் கேட்டிருக்கிறார். மனிதர் குசினிக்குள் பாய்ந்து வந்தார்.

"சீக்கிரம் சொல், இதற்குள் என்ன போடுகிறாய்?"

"அந்தக் கழுதையிட்டைக் கேளுங்கோ," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிரெஞ்சில் கேட்டேன்: "புது மெனு அட்டையில் என் பெயர் போடுவீர்களா?"

"போடுகிறேன், போடுகிறேன்!"

நம்பிச் சொன்னேன். அவர் வெளியே போய் ஒப்புவித்தார். எங்கள் ஊர் மோலே இப்படி இராது, ஆனால் இதைச் செய்தவருக்கு மிளகாயோடு பேசத் தெரியும் என்றாராம் அந்தப் பெண். முதலாளி நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நின்றதை வன்னிக்காரர் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது உங்களுக்கு வந்த மரியாதை அண்ணை. அவர் வாங்கிப் பொக்கற்றுக்கை வைச்சிட்டார்."

புது அட்டை வந்தது. 'மலைக் கிராமத்தில் எங்கள் முதலாளி கண்டெடுத்த மோலே' என்று வன்னிக்காரர் எழுத்துக்கூட்டி வாசித்தார். அட்டையைத் திருப்பியும் பார்த்தார்.

"உங்கட பேர் எங்கையும் இல்லை. கோழிக்குப் பக்கத்திலை வைக்கிற முள்ளங்கி விளைஞ்ச தோட்டத்தின்ர பேர் கிடக்குது அண்ணை!"

முதலாளியிடம் நேரே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். எனக்குப் பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். அவை கோயிலில் கிடைத்துவிட்டன. அடுத்த அட்டை அச்சுக்குப் போகும்போது, மோலேக்குக் கீழே, விலைக்கு மேலே, முள்ளங்கித் தோட்டத்துக்குக் கொடுத்த அதே அளவு எழுத்தில், இதை உண்டாக்கியவர் என்று என் பெயர் இருக்க வேண்டும்.