ஆர் அனுப்பினது?

“ஆர்?”

கமலாசனி அக்கா தலையைத் திருப்பாமலே கேட்கிறார். வாசல்படியில் இருந்தபடி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த கை அப்படியே நிற்கிறது. முன்னறை மூலையில் பிரிண்டர் தானாக விழித்து, வயிற்றுக்குள் எதையோ உருட்டி, தாளை மெல்ல இழுக்கிறது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

“நான்தான் மச்சாள்,” என்று உள்ளறையிலிருந்து அருந்ததியின் குரல் வந்த பிறகுதான் கை மறுபடி அசைகிறது.

அருந்ததி, கமலாசனி அக்காவின் தம்பி மனைவி. தம்பி கட்டாரில். அக்கராயன் குளத்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீட்டில் இரண்டு பெண்களும் படமும் புத்தகமும் அடித்துக் கொடுத்துச் சீவிக்கிறார்கள். இருப்பது ஒரே பிரிண்டர். அது முன்னறைக் கொம்பியூட்டரோடு கம்பியால் பிணைந்திருக்கிறது. அருந்ததியின் லப்டொப் உள்ளறையில் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர். சுவரில் பச்சைப் புள்ளிகள் சிமிட்டும் வைஃபை பெட்டி. அருந்ததி அங்கே பொத்தானை அமத்தினால் தாள் இங்கே வரும்.

இதற்கு அக்கா வைத்த சட்டம் ஒன்றுதான். அனுப்புகிறவர் வாயால் சொல்ல வேண்டும். “ஆரெண்டு தெரியாமல் வாற தாளை நான் தொடமாட்டன்” என்பார். சொன்னபடியே செய்வார். பதில் வராத தாள் பின்னேரம் வரை தட்டிலேயே கிடக்கும். அதைக் கடந்து சமைக்கக் குசினிக்குப் போகும்போது அக்கா சுவரோடு ஒட்டி நடப்பார்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டு விஞ்ஞான ஆசிரியையின் லப்டொப்பையும் அருந்ததி ஒருமுறை இந்தப் பிரிண்டரோடு இணைத்துக் கொடுத்திருந்தார். அக்காவுக்கு அது தெரியாது. ஒரு மத்தியானம் அவர் தனியே இருக்க, பிரிண்டர் விழித்தது. முதலில் மண்டை ஓடு வந்தது. பிறகு தோள் எலும்பு. பிறகு விலா எலும்புகள் ஒவ்வொன்றாக. வகுப்பில் ஒட்டுவதற்கு ஆசிரியை அனுப்பிய படம். அவர் வந்து வாங்கிப் போகும்வரை அக்கா உச்சி வெயிலில் முற்றத்தில் நின்றார். “புதைச்ச கிடங்குக்குள்ளாலை எழும்பி வாற மாதிரி வந்தது பிள்ளை. அதைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடி உள்ளை இருக்கிறது?” என்று, அங்கே உதவிக்குப் போகும் என்னிடம் சொன்னார்.

அக்கா மெலிந்த ஆள். கலியாணம் கட்டவில்லை. கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். வலது பெருவிரலில் மை ஏறி, நகத்தைச் சுற்றி நிரந்தரமாக ஒரு நீலம். பொழுது சாய்ந்தால் பிரிண்டருக்கு மேல் வெள்ளைத் துவாய் போர்த்துவார். பல்லிக்காக என்று சொல்லுவார். உண்மைதான், ஒரு பல்லி தாளோடு இழுபட்டு, ஒரு குழந்தையின் பிறந்தநாள் படத்தில் வாலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் துவாயின் நான்கு மூலைகளையும் அவர் இழுத்துச் செருகுகிற விதம் பல்லிக்காகச் செய்வது போல இருக்காது.

அருந்ததியின் லப்டொப் கிளிநொச்சி ரவுனில் பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் தன் பெயரை அதற்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அருந்ததி எதை அனுப்பினாலும் முன்னறைத் திரையில், அனுப்பியவர் பிரதாபன் என்றுதான் விழும். மாற்றுவது சின்ன வேலை என்று அருந்ததி பலமுறை சொல்லிப் பார்த்தார். அக்கா விடவில்லை.

“ஆரோ பெத்த பிள்ளை. எங்கை இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ. பேரை அழிக்க எனக்கு என்ன உரித்து?”

அதனால் அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அவர்களுக்கு அதிகம் வருவது கல்வெட்டு வேலை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. இறந்தவரின் படம், தேவாரம், குடும்பத்தின் கதை எல்லாம் அதில் இருக்கும். தாள் மடித்துக் கம்பி அடிக்க நானும் போவேன். அக்கா என்னோடு அதிகம் கதைப்பதில்லை. நானும் கதைப்பதில்லை. மடித்துக்கொண்டே பார்த்திருப்பேன்.

படங்களைப் போட அக்கா திரையில் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறார். ஒன்று இறந்தவர்களுக்கு. மற்றது கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு. காணாமல் போனவர்களின் படங்களை எதற்குள் போடுவது என்று அருந்ததி கேட்டபோது, அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவை கலியாணத்துக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியைத் திறந்தால் மாப்பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நடுவில், அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தோடு சில பெடியள் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் ஒருவன் ராசு. ஜெயபுரத்து வீரம்மாவின் மகன். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். யுத்தத்தின் கடைசியில், பத்தொன்பது வயதில், ராசு காணாமல் போனான். கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டக் கொட்டிலில் மற்றத் தாய்மாரோடு வீரம்மாவும் மகனின் படத்தை நெஞ்சில் பிடித்தபடி இருப்பார். வெயில் படத்தைக் குடித்துவிடும். முதலில் சிவப்புப் போகும், பிறகு மஞ்சள். கடைசியில் முகம் நீலமாக மிஞ்சும். நீலமானதும் வீரம்மா பஸ் ஏறிப் புதுப் படம் அடிக்க வருவார். மாலை வேண்டாம், விளக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். மகன் இறந்துவிட்டான் என்று கையெழுத்து வைக்கச் சொன்ன எந்த அலுவலகத்திலும் அவர் வைக்கவில்லை.

போன மாரிக்காலத்தில் அப்படி வந்திருந்தார்.

“கதிரையிலை இருங்கோம்மா,” என்றார் அக்கா.

“இருக்கட்டும்மா, சேத்துக் காலு,” என்று வீரம்மா வாசலோரம் நிலத்தில் அமர்ந்தார். பிரிண்டரின் வாய் நேரே அவரைப் பார்த்தபடி இருந்தது.

வானம் இருட்டி, பகலிலேயே முகம் தெரியாமல் போயிற்று. அருந்ததி உள்ளறையில் படத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. முன்னறைத் திரை அணைந்தது. சுவரில் இருந்த பச்சைப் புள்ளிகளும் போயின. லப்டொப்பில் பற்றரி இருந்ததால் அருந்ததி வேலையைத் தொடர்ந்து முடித்தார். மழை விழத் தொடங்க, காயப்போட்ட துணிகளை எடுக்கக் கிணற்றடிக்கு ஓடினார். அங்கேயே ஒதுங்கி நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. அக்கா கொம்பியூட்டரைப் போட்டார். அது முனகி எழும்பியது. நான் மடித்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிரிண்டர் விழித்துத் தாளை இழுத்தது.

“ஆர்?”

தகரத்தில் மழை.

“அருந்ததி?”

தாள் வந்தது. முதலில் இரண்டு ஓரங்களிலும் பூச்சரம். செவ்வந்தியும் மல்லிகையும் மாறி மாறி. அக்காவின் கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் மாலைதான். சரங்களுக்கு நடுவில் தலைமயிர் வந்தது. நெற்றி வந்தது. நெற்றியைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எழும்பிப் போய்ப் பிரிண்டருக்கு முன்னால், முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

“தள்ளுங்கம்மா,” என்றார் வீரம்மா.

அக்கா தள்ளவில்லை.

“நான் பாத்துட்டேன். தள்ளுங்க.”

ராசுவின் கண்கள் வந்தன. வாய் வந்தது. மாலை நெஞ்சில் வந்து கூடியது. அதற்குக் கீழே குத்துவிளக்கு, சுடரோடு. தாள் தட்டில் விழுந்தது.

வீரம்மா அழவில்லை. தாளைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.

“யாரு அனுப்புனது?”

“அருந்ததியாத்தான் இருக்கும் அம்மா.”

“அந்தப் புள்ள கெணத்தடியில நிக்குது. இந்தா, எனக்கு இங்கருந்து தெரியுதே.”

ஓம், தெரிந்தது. துணிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அசையாமல், மழைக்கு அப்பால்.

“கம்பி இல்லாம காத்துல வருதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. எங்கேருந்து வருது? அந்தப் பொட்டியில பேரு விழுமே, என்ன பேரு விழுந்திருக்கு?”

அக்காவுக்குப் பொய் வராது. அன்றைக்காவது வந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார்.

“பிரதாபன்.”

“அது யாரு?”

“தெரியாதம்மா.”

வீரம்மா திரையை எட்டிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்:

“அந்தப் பிரதாபன் புள்ளைக்கு எம் மகனத் தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா இருக்காங்க?”

என் கையிலிருந்த தாள்கள் நிலத்தில் விழுந்தன. அதே நேரம் பிரிண்டர் மறுபடி தாளை இழுத்தது. மூன்று பேரும் அதன் வாயையே பார்த்திருந்தோம். தலைமயிர் வந்தது. நெற்றி, கண், வாய். இம்முறை பூ இல்லை. கோடு போட்ட பழைய சட்டையோடு ராசு வந்து மற்ற ராசுவின் மேல் படுத்தான்.

“எதும்மா உண்மை?” என்றார் வீரம்மா.

அருந்ததி நனைந்துகொண்டு ஓடி வந்தார். தட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்தினார்.

“ஐயோ மச்சாள்! உடையார்கட்டிலை செத்தவற்றை கல்வெட்டுப் படத்தைத் திறந்து, முகத்தை மட்டும் மாத்தினனான். மாலையை எடுக்க மறந்துபோனன். அமத்தினாப் பிறகுதான் கண்டனான். ஒண்டும் வரேல்லை, கரண்ட் இல்லைத்தானே, போகேல்லை எண்டு நினைச்சன். மாலையை எடுத்துப்போட்டு, அவன்ரை சட்டையோடை ரெண்டாந்தரம் அமத்தினன்.”

“போகாதது எங்கை போனது?” அக்கா கேட்டார்.

“லப்டொப்புக்குள்ளை காத்துக்கொண்டு நிண்டிருக்கு. இஞ்சை இது எழும்பினதும் வந்திட்டுது.”

வீரம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளங்காமல் அவர் வீட்டுக்குப் போனால் என்ன நினைத்துக்கொண்டு போவார் என்பது அக்காவுக்கு விளங்கியது. முன்னறைக் கொம்பியூட்டரை நிறுத்தினார்.

“போ. வெறுந்தாள் ஒண்டு அனுப்பு. அமத்திப்போட்டு இஞ்சை வந்து நில்.”

அருந்ததி உள்ளே போய் அமத்திவிட்டு வந்து நின்றார். ஒன்றும் வரவில்லை. அக்கா வீரம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கி, கதிரையில் இருத்தி, கொம்பியூட்டரைப் போடச் செய்தார். வீரம்மாவின் நகம் சொத்தை விழுந்த விரலுக்குக் கீழே பச்சை வெளிச்சம் எழும்பியது. காத்திருந்தோம். பிரிண்டர் விழித்தது. மேலிருந்து கீழ்வரை ஒன்றுமில்லாத வெள்ளைத் தாள் ஒன்று மெல்ல வந்து விழுந்தது. திரையில் பெயர் விழுந்தது.

“அனுப்பினது ஆர்?” என்று அக்கா உரக்கக் கேட்டார்.

“நான்தான்,” என்றார் அருந்ததி. அழுதுகொண்டிருந்தார்.

“வேற யாரும் இல்லையே?” வீரம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “சத்தியமா?”

“என்ரை கண்ணாணை, நான்தானம்மா.”

வீரம்மா மூச்சு விட்டார். “அப்ப செய்தி ஒண்ணும் இல்ல,” என்றார். சந்தோசமா, ஏமாற்றமா, எனக்குத் தெரியவில்லை.

மாலை போட்ட படம் மிஞ்சியது. கிழிக்க முடியாது, அதில் பிள்ளையின் முகம் இருக்கிறது. எரிக்க முடியாது, அது கொள்ளி வைப்பது போல. அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் வீரம்மா சம்மதிக்கவில்லை. அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பழந்துணியும் கொண்டுவந்து நிலத்தில் இருந்தார். வழுவழுப்பான படத்தாளில், மழை ஈரத்தால், மை இன்னும் காயவில்லை. முதலில் விளக்கின் சுடரைத் துடைத்தார். பிறகு விளக்கை. பிறகு பூக்களை, ஓரத்திலிருந்து உள்ளுக்கு, முகத்தில் ஈரம் படாமல். பூக்கள் மஞ்சள் தண்ணீராகி ஓடின. மாலை போன இடத்தில் சட்டை இருக்கவில்லை. கழுத்துக்குக் கீழே வெறும் தாள்தான் இருந்தது. ராசுவின் தலை வெள்ளைக்குள் தனியே நின்றது.

அக்காவின் கை நின்றுவிட்டது. அருந்ததி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீரம்மா மட்டும் குனிந்து நெருங்கிப் பார்த்தார்.

“எத்தன வருசமா அந்த ஒத்த சட்டையிலேயே நிக்கிறான்,” என்றார். “இதுல வேற சட்டை போட்டு விடுங்கம்மா.”

“நான் கொம்பியூட்டரிலை போட்டுத் தரட்டோ?” என்றார் அருந்ததி.

“வேணாம் புள்ள. காத்துல வந்தது போதும். அவங்க கையால போடட்டும்.”

ஈரம் இழுக்கும்வரை அக்கா தாளை விசிறினார். மேசையிலிருந்து கறுப்பு மாக்கர் பேனையை எடுத்து, நாடிக்குக் கீழே சட்டைக் கொலரைக் கீறினார். கழுத்தை ஒட்டித் தோளுக்குக் கோடு இழுக்கத் தொடங்கினார். பத்தொன்பது வயதுப் பெடியனின் தோள்.

“இன்னும் கொஞ்சம் அகலமாப் போடுங்கம்மா,” என்றார் வீரம்மா. “இப்ப ஆளு தடிச்சிருப்பான்.”

அக்கா மாக்கரைத் தூக்கினார். இழுத்த கோட்டை விட்டு, ஒரு விரல் தள்ளி வெளியே வைத்து, அங்கிருந்து தோளைக் கீறினார்.