ரெண்டு பேரும் ஒண்ணா குனியணும்

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவு தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "மூட்டைக்குக் குனி. மனுசனுக்குக் குனியாத."

எர்ணாவூர் யார்டில் கண்டெய்னர் கழுவும் அந்த மகள் ரமாபாய், முப்பத்தாறு வயதில் ஜூடோ கற்க வந்தாள். முதல் நாளே தகராறு.

"மெத்தைல ஏறறதுக்கு முன்ன குனிஞ்சி வணக்கம் வெக்கணும்," என்றார் வல்லரசு மாஸ்டர்.

"நான் யாருக்கும் குனிய மாட்டேன்."

"நீ மட்டுமா குனியற? நானுந்தான், பாரு."

குனிந்தவர் நிமிரவில்லை. அவருக்கோ இடுப்புப் பிடிப்பு. "சீக்கிரம் குனிம்மா, இப்டியே நின்னுடப் போறேன்!"

சிரித்துக்கொண்டே குனிந்தாள். தள்ளுகிறவரும் விழுகிறவரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு குனிய வேண்டும். ஜப்பான்காரர்கள் வகுத்த அந்த முறை அவளுக்குப் பிடித்துப்போனது. ஆறு மாதம் விழ மட்டுமே கற்றாள். ஐந்தாம் வருடம் கறுப்பு பெல்ட் தேர்வில் தேறினாள்.

வகுப்புக்குச் சும்மா இடம் தந்த கல்யாண மண்டபத்தில்தான் விழா. மேடையில் மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்திருந்த மண்டப முதலாளி, ஒரு காலை வாகாக நீட்டியிருந்தார். எல்லோரும் அதைத் தொட்டு பெல்ட் வாங்கினார்கள்.

"தொட்டுட்டு வந்துடும்மா. இல்லாட்டி இந்த இடம் பூடும்," என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

ரமாபாய் நேராக நின்றாள். "எந்திரிங்க சார்."

"இன்னாது?" தண்ணி லாரி ரிவர்ஸ் எடுப்பது மாதிரி ஒரு குரல்.

"ரெண்டு பேரும் ஒண்ணா குனியணும். அதான் ரூல்சு."

"நான் உனுக்குக் குனியணுமா?"

"நானுந்தான குனியறேன்?"

லாரி ஆஃப் ஆனது. பெல்ட் முதலாளியின் மடியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் மண்டபத்துக்குப் பூட்டு. மெத்தைகள் வாசலில் கிடந்தன. "ஒரு செகண்டு தொட்டா இன்னா தேஞ்சா பூடுவ?" என்று மாஸ்டர் கத்தினார். அவள் மெத்தைகளை மீன்பாடி வண்டியில் ஏற்றிப்போய், தன் ஹவுசிங் போர்டு பிளாக்கின் கீழே விரித்தாள். பழைய பிரவுன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பின்னாலேயே வந்த மாஸ்டருக்கு எதிரே குனிந்தாள். நிமிரவில்லை.

மாடி ஜன்னல்களெல்லாம் தலைகள்.

"ஐய, நிமிரும்மா, எல்லாம் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். என் இடுப்பு நல்லாத்தான் கீது மாஸ்டர்."

அவர் முனகிக்கொண்டே, அதே அளவு குனிந்தார்.

"அந்த பெல்ட்ட எப்பத்தான் வாங்கப் போற?"

"அந்தாளு எந்திரிக்கறப்ப," என்றவள், மாஸ்டர் நிமிர்வதற்குள் ஆட்டத்துக்கு அவர் காலரைப் பிடித்துவிட்டாள்.