பையில் கிடந்த ஒரு பியூஸ்

என் இடது கை கம்பியைப் பிடித்திருந்தபோதுதான் எங்கள் கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கியது.

கோயிலில் ஸ்பீக்கர் பாடுவது ஒரு புதுமையா என்று நீங்கள் நினைக்கலாம். நான் மின்கம்பி வேலை செய்கிறவன். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இருபத்திரண்டு வருடமாகப் போஸ்ட் ஏறுகிறேன். கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் அதை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். கரண்ட் இல்லாமல் ஸ்பீக்கர் பாடாது.

ஜெனரேட்டரைப் போட்டிருப்பார்கள் என்று மனம் ஒரு கணம் ஆறுதல் தேடியது. அதற்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் இரையத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டில் ஜெனரேட்டர் இல்லை.

அடியார்களே, உங்கள் எல்லோருக்கும் அந்தப் போஸ்டைத் தெரியும். எங்கள் பிள்ளையாரின் தெற்கு வீதியில் திரும்பியதும் மூன்றாவது. தேருக்கும் தீர்த்தத்துக்கும் அதைக் கடந்துதான் வருகிறீர்கள். சென்ற வருடம் ஆவணித் திருவிழாவின் இரண்டாம் நாள், காலை பத்து மணிபோல, நான் அதன் உச்சியில் நின்றேன். நியாயப்படி அன்றைக்கு நான் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தத் திருவிழா மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

முதலில் நேசனைப் பற்றிச் சொல்லவேண்டும். நேசன் அவனுடைய சொந்தப் பெயர் அல்ல. "என்ரை பேரையே போடு மச்சான்" என்றான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகவே நான் மறுத்துவிட்டேன். என் வயதுதான் அவனுக்கும், நாற்பத்தாறு. பதினான்கு வருடமாக நாங்கள் இருவரும் ஒரு சோடி. ஒருவர் போஸ்டில் ஏறினால் மற்றவர் கீழே நிற்பார். என் பெண்சாதியைவிட அவனோடுதான் அதிக மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு முதல் சட்டம் உண்டு. ஏறுவதற்கு முன் ட்ரான்ஸ்போமரடிக்குப் போய், மூன்று கம்பிக்கும் உரிய மூன்று பியூஸையும் கழற்றுவோம். கழற்றிய பியூஸ்களை ஏறுகிறவன் தன் இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும். வேலை முடிந்து இறங்கி வந்து, தன் கையாலேயே திரும்பப் போடவேண்டும். பியூஸ் அவனிடம் இருக்கும்வரை உலகத்தில் யாராலும் அந்தக் கம்பிக்குக் கரண்ட் கொடுக்க முடியாது.

இப்போது அந்தத் திருவிழாவுக்கு முந்திய பங்குனி மாதத்துக்குப் போகிறேன். ஒருநாள் இன்சுலேசன் டேப் எடுக்க நேசனுடைய வேலை ஆயுதப் பெட்டியைத் திறந்தேன். டேப் சுருளுக்கு அடியில் ஒரு சிறிய கண்ணாடிக் குழாய், அடி கருகிப்போய். பக்கத்தில் நகம் அளவு பொலித்தீன் பையில் கற்கண்டு உடைத்ததுபோல ஏதோ. நான் அதுவரை ஐஸ் போதைப்பொருளைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கண்டதும் தெரிந்துவிட்டது. பெட்டியின் மூடி என் விரலில் விழுந்தது.

எனக்கு நம்பவே முடியவில்லை. இது பள்ளிக்கூடம் விட்டுச் சந்தியில் நிற்கிற பெடியளின் வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். பேப்பரில் அப்படித்தானே வருகிறது. நாற்பத்தாறு வயது ஆள், கீரிமலையில் தகப்பனுக்கு ஆடி அமாவாசைப் பிதிர்க்கடன் தவறாமல் செய்கிறவன், வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடாதவன். அவனா?

பிறகு யோசித்தபோது எல்லாம் கண்ணில் பட்டது. மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே நாய்க்குப் போடுவான். கம்பி வெட்டுகிற குறடு ஒன்றையே கழற்றித் துடைத்துப் பூட்டி, மறுபடியும் கழற்றித் துடைப்பான். எதுவும் வாயில் இல்லாமலே சப்பிக்கொண்டிருப்பான். நான் சுறுசுறுப்பு என்று நினைத்தேன். மற்றவர்களிடம் அவனைப் புகழ்ந்தும் இருக்கிறேன்.

கேட்டேன். மறைக்கவில்லை. அதற்கு முந்திய கார்த்திகை மழையில் பருத்தித்துறைப் பக்கம் போஸ்டுகள் வரிசையாகச் சரிந்தபோது, மூன்று நாள் நித்திரை இல்லாமல் வேலை செய்தோம். அப்போது வேறொரு கூட்டத்து ஆள் அவனுக்குக் கொடுத்தானாம்.

"நித்திரை வராது எண்டு தந்தவன் மச்சான். உண்மையாவே வரேல்லை. பேந்து அது இல்லாட்டி எழும்பவே ஏலாமப் போச்சு."

பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினான், இனித் தொடமாட்டேன் என்று. நம்பினேன். இரண்டு கிழமையில் மறுபடியும் அதே சப்பல், அதே கண்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் பிள்ளையாரிடம் வந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தேன். சதுர்த்தி விரதம் பிடித்தேன். சிதறு தேங்காய் அடித்தேன். என் மன்றாட்டு இதுதான்: "பிள்ளையாரே, நேசனைத் திருத்து. ஆனால் என் வாயால் ஒன்றும் சொல்ல வைக்காதே."

எங்கள் ஒப்பந்தக்கார சேரிடம் சொன்னால் அவனுடைய வேலை போகும், பொலிசுக்கும் போகலாம். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு வரும். அவன் பிள்ளைகள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர்கள். அவன் முகத்தில் எப்படி முழிப்பது? அதனால் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் ஏறவேண்டிய போஸ்டுகளிலும் நானே ஏறினேன். "அவனுக்கு முதுகு நோ சேர்" என்று பொய் சொன்னேன். பக்தி என்று நான் நினைத்ததில் பாதி பயம்தான்.

இனி அந்தத் திருவிழாக் காலைக்கு வருகிறேன். முதல்நாள் கொடியேற்றத்தன்று அடித்த காற்றில் தென்னை மட்டை விழுந்து, தெற்கு வீதிக் கம்பிகளின் இணைப்புகள் தளர்ந்திருந்தன. கோயில் லைற் மின்னி மின்னி எரிந்தது. கெதியாகச் சரிப்படுத்துங்கோ என்று சேர் எங்களை அனுப்பினார்.

நேசனுடைய கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு மூன்று நாள் படுத்திருக்கமாட்டான். ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தி ட்ரான்ஸ்போமரில் ஏணியை வைத்து ஏறி முதலாவது பியூஸைக் கழற்றினேன். இரண்டாவதைக் கழற்றும்போது கீழே நின்ற நேசன் கையை நீட்டினான்.

"இஞ்சை தா மச்சான். நான் வைச்சிருக்கிறன்."

"இல்லையடா, பையிலை போடுறன்."

"ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

அடியார்களே, நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையும் அதுதான். ஆனால் அவன் முகம் வாடிப்போயிருந்தது. முகத்தை முறிக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தேன். மூன்றாவதையும் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் செய்யாத விசர் வேலையை, ஒருவனுடைய முகம் வாடக்கூடாது என்பதற்காகச் செய்தேன்.

ட்ரான்ஸ்போமரடிப் பற்றையை வெட்டிவிட்டு வருகிறேன் என்று அவன் அங்கேயே நின்றான். வளைவு மறைப்பதால் அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது போஸ்ட் தெரியாது. நான் வந்து ஏறினேன். கம்பிகளில் கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். பெல்ற்றை மாட்டினேன். நட்டு சின்னது, கையுறையோடு பிடிபடவில்லை, கழற்றி இடுப்பில் செருகினேன். கீழ்க் கம்பியின் இணைப்பை இறுக்கி முடித்தேன். இடது கை அதில் இருக்க, வலது கையை மேல் கம்பிக்குக் கொண்டுபோனேன். ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

அப்போதுதான் ஸ்பீக்கர் பாடியது.

வலது கை அப்படியே நின்றுவிட்டது. மேலே இருக்கிற கம்பிகளில் கரண்ட் வந்துவிட்டது. என் தலைக்கு ஒரு முழம்கூட இல்லை. அப்படியென்றால் இடது கையில் இருக்கிற கம்பி? இதிலும் வந்திருந்தால் நான் இதை யோசித்துக்கொண்டிருக்க முடியாதே? ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறேன்? அந்த நேரத்தில் எனக்கு எந்தத் தேவாரமும் வரவில்லை. "பிள்ளையாரே" என்ற ஒரு சொல்தான் வந்தது. அதுவும் சத்தமாக வரவில்லை.

வலது கையை மெல்ல மடக்கி நெஞ்சோடு சேர்த்தேன். இடது கையை ஒவ்வொரு விரலாக விட்டேன். தோள் ஒரு பக்கமும் சரியாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கால் நிலத்தில் பட்டதும் வீதியில் குந்தினேன். கோயிலில் எடுத்த திருநீற்றுப் பொட்டலம் எப்போதும் பையில் இருக்கும். அதை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

கையில் பியூஸ் தட்டுப்பட்டது.

முதலாவதாகக் கழற்றியது. நேசன் கை நீட்ட முன்னமே, பழக்கத்தில் பைக்குள் போட்டிருக்கிறேன். மூன்றையும் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். அவனும் எண்ணிப் பார்க்கவில்லை, இருந்த இரண்டைப் போட்டிருக்கிறான். மூன்று கம்பியில் இரண்டில் கரண்ட். நான் பிடித்திருந்தது கரண்ட் வராத மற்றதை. பொட்டலத்தைப் பிரித்தேன், முழுவதும் மண்ணில் கொட்டுண்டது. மண்ணோடு சேர்த்து அள்ளிப் பூசினேன்.

நேசன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான், இன்னும் வீட்டை போகேல்லையோ?"

"ஏன்டா பியூஸைப் போட்டனீ?"

"நீதானே இறங்கி வந்தனீ. ட்ரான்ஸ்போமரடியிலை வந்து என்னட்டைத் தண்ணி வாங்கிக் குடிச்சனீ. வேலை முடிஞ்சுது எண்டு சொன்னனீ."

நான் போஸ்டை விட்டு இறங்கவே இல்லை. அவன் பொய்யும் சொல்லவில்லை. நித்திரையில்லாத போதையில், அங்கே இல்லாத என்னைக் கண்டிருக்கிறான். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து யாருக்கோ நீட்டியிருக்கிறான்.

அடித்தேன். ஒளிக்கமாட்டேன், கோயில் வீதியில் வைத்து ஒரு அறை விட்டேன். பிறகு பையைத் திறந்து பியூஸைக் காட்டினேன். அவன் அதைப் பார்த்தான். மேலே கம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கியதும் மண்ணில் குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"சேரிட்டைச் சொல்லாதை மச்சான்."

"அஞ்சு மாசம் சொல்லாமல் இருந்ததுக்குத்தான் இண்டைக்கு எனக்குச் செத்தவீடு நடந்திருக்கும்" என்றேன். அவன் முன்னாலேயே சேருக்குப் போன் எடுத்தேன். நேசன் செய்ததையும் சொன்னேன், நான் மறைத்ததையும் சொன்னேன்.

பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். இரண்டு சொல் சொன்னதுமே அவள் கையால் மறித்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணை. கனநாளாத் தெரியும். வெளியிலை சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆராவது ஒருத்தர் வாயைத் திறக்கவேணும் எண்டு வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாரிட்டைக் கேட்டுக்கொண்டிருந்தனான்."

அதே கோயில், அதே வெள்ளிக்கிழமை. நான் ஆண்கள் பக்கம் நின்று என் வாயைத் திறக்க வைக்காதே என்று கேட்டேன். அவள் பெண்கள் பக்கம் நின்று யாராவது வாயைத் திறக்கவேண்டும் என்று கேட்டாள். பிள்ளையார் அவளுடைய மன்றாட்டைத்தான் கேட்டார். என் மன்றாட்டைக் கேட்டிருந்தால் எங்களில் ஒருவன் இன்றைக்கு இருக்கமாட்டான். கேட்காமல் விட்டதற்கு அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் தீராது.

சேர் நல்ல மனிதர். வைத்தியர் எழுதித் தரும்வரை கம்பிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி, நேசனைத் தானே சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் ஏச்சு விழுந்தது, வாங்கவேண்டியதுதான். நேசன் உடனே திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசை. மார்கழியில் ஒருமுறை சறுக்கினான். ஆனால் அன்றைக்கு அவனே எனக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், திரும்பவும் தொட்டுட்டன். சேருக்கு நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

"நீ சொல்லு. நான் பக்கத்திலை நிக்கிறன்" என்றேன். சொன்னான். அதற்குப் பிறகு இந்த வரி எழுதும்வரை தொடவில்லை.

பியூஸ் பையில் விழுந்தது வெறும் பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். மூன்று கம்பியில் அந்த ஒன்றை என் கையில் தந்ததும், மற்றதைத் தொட ஒரு சாண் இருக்கும்போது தன் கோயில் ஸ்பீக்கரால் என்னைக் கூப்பிட்டதும் யார் என்று எனக்குத் தெரியும்.

உங்களில் சிலர் பஸ் ஓட்டுகிறீர்கள், சிலர் ஆஸ்பத்திரியில், சிலர் பள்ளிக்கூடத்தில், சிலர் வள்ளத்தில். உங்களோடு வேலை செய்கிற ஒருவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு நீங்களும் பேசாமல் இருக்கலாம். பிள்ளையாரிடம் வாருங்கள், அழுங்கள், விரதம் பிடியுங்கள். ஆனால் நான் கேட்டதுபோலக் கேட்காதீர்கள். "என் வாயைத் திறக்கத் துணிவு தா" என்று கேளுங்கள். தருவார். அவரை நம்பி நான் கெட்டுப்போகவில்லை.

இந்த வருடக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் தெற்கு வீதிக் கம்பிகளைச் சரிபார்க்க எங்கள் இருவரையும்தான் அனுப்பினார்கள். வைத்தியர் எழுதித் தந்து நேசன் வேலைக்குத் திரும்பி வந்த பிறகு அந்த ட்ரான்ஸ்போமரடிக்கு நாங்கள் போனது அதுதான் முதல் தடவை. இந்தமுறை அவன்தான் ஏணியில் ஏறி மூன்று பியூஸையும் கழற்றினான். இறங்கி வந்து என் முன்னால் நின்றான். நான் கையை நீட்டினேன். அவன் கையில் தரவில்லை. என் பையைத் தானே திறந்து, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான்.

"எண்ணிப் பார்" என்றான்.

"எண்ணத் தேவையில்லையடா."

"இல்லை மச்சான். எனக்கு முன்னாலை எண்ணு."

எண்ணினேன். மூன்றும் இருந்தன. பையை இழுத்துக் கட்டிக்கொண்டு, பிள்ளையாரே என்று சொல்லிப் போஸ்டில் ஏறினேன்.