விசிலோடு முதல்வர் நாற்காலியில்

ஜெபத்தைக் கேட்கிறவரை நம்பும் உங்கள் எல்லோருக்கும் இலஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு விளையாட்டு வாத்தியாரின் ஸ்தோத்திரம். பள்ளி முதல்வர் என்றுதான் எழுத வேண்டும். கை இன்னும் பழகவில்லை.

எங்கள் பள்ளியின் முதல்வர் ஆண்டு நடுவே விலகிப் போனார். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைக ஒம்ம சொல்லுக்குத்தான் கட்டுப்படுது, நீரே உக்காரும்" என்றார். நான் படித்தது உடற்கல்வி. ஓட்டம், கபடி, ஈட்டி, இவைதான் என் பாடம். மதிப்பெண் பகுப்பாய்வு, பாடத்திட்டம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கும். வேதியியல் ஜெயசீலி டீச்சர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "சார், ரிசல்ட் சமாச்சாரத்த நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

அன்றிலிருந்து கழுத்தில் தொங்கும் விசிலைச் சட்டைக்குள் மறைத்துப் போட்டுக்கொண்டேன். கழற்றவும் மனம் வரவில்லை. வீட்டில் புலம்பினால் என் மனைவி எஸ்தர், "குருவி தலையில பனங்காய வச்சாச்சு. இனி அழுது என்ன செய்ய? ஜெபம் பண்ணுங்க" என்பாள். தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். "ஆண்டவரே, இந்த நாற்காலிக்கு வேண்டியது என்னிடம் இல்லை. ஒன்று அதைத் தாரும், இல்லாவிட்டால் என்னை இறக்கிவிடும்." ஒன்றும் மாறவில்லை. ஏழாம் வகுப்புச் சுற்றுலா முடிந்ததும் தாளாளரிடம் முடியாது என்று சொல்லிவிட முடிவு செய்தேன்.

போன ஜூலை மாதம், நல்ல சாரல் காலம். குற்றாலம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஓர் ஓடைக்கரையில் சாப்பிட்டோம். கணுக்கால் தண்ணீர்தான். பிள்ளைகள் டிபன் பாக்ஸ் கழுவ இறங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கல்லுக்குக் கல் தாவி ஓடை நடுவே இருந்த பாறைக்குப் போய்விட்டார்கள். எங்கள் தலைக்கு மேல் வெயில். மலைமேல் மட்டும் கறுத்துக் கிடந்தது.

"சார்! தண்ணி செவந்து வருது! மேல மழ பெஞ்சிருக்கு!"

ஜெயசீலி டீச்சரின் குரல்தான். பார்த்தேன். சருகும் சுள்ளியுமாகச் செம்மண் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர்கள் கத்தினார்கள். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. என் கை தானாகச் சட்டைக்குள் போனது. நீளமாக ஒரு விசில் ஊதினேன்.

அத்தனை பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மைதானத்தில் ஈட்டி எறியும்போது நான் பழக்கியது அது. நீள விசில் கேட்டால் நின்ற இடத்தை விட்டு யாரும் அசையக் கூடாது. சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள் ஏறுகிற தண்ணீரில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"இயேசப்பா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீரே வழி காட்டும்." இவ்வளவுதான் ஜெபம்.

அடுத்த நொடி மனசு தெளிந்தது. மூன்று குட்டை விசில் ஊதினால் பிள்ளைகள் என்னிடம் வந்து வரிசையில் நிற்பார்கள். ஆனால் நான் நின்ற இடத்துக்கும் பாறைக்கும் நடுவே பள்ளம். இங்கே நின்று ஊதினால் நேராக அதில்தான் இறங்குவார்கள். அவர்கள் தாவிப் போன கற்கள் இருந்த பக்கம் ஓடினேன். மேட்டில் ஏறி நின்று ஊதினேன். கரையோரம் நின்றவர்கள் ஓடி ஏறினார்கள். பாறையில் இருந்தவர்கள் முண்டாமல், தள்ளாமல், ஒருவர் பின் ஒருவராகக் கல்லில் கால் வைத்து வந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஜெயசீலி டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு கையாகப் பிடித்து ஏற்றிவிட்டார்.

"எண் சொல்லுங்கலே!" என்றேன். ஒன்று, இரண்டு என்று ஓடி வந்தது. நாற்பதோடு நின்றது. அந்த வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள்.

ஓடையைப் பார்த்துத் திரும்பினேன். மேட்டுக்குக் கீழே இருந்து ஜெயசீலி டீச்சர் ஏறி வந்தார், இடுப்பு வரை நனைந்து. அவர் தோளில் வகுப்பிலேயே குட்டையான பிள்ளை, மெர்சி. ஒற்றைச் செருப்போடு, குளிரில் பல் தந்தியடிக்க, அவள் சொன்னாள்: "நாப்பத்தொண்ணு, சார்."

அப்படியே மண்ணில் மண்டியிட்டேன். நாங்கள் சாப்பிட்ட இடத்தில் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

நான் விலகவில்லை. என்னிடம் இல்லாததைக் கேட்டு அழுதேன். ஆண்டவர் என் கழுத்தில் கிடந்ததையே எடுக்க வைத்தார். தெரியாததை இப்போது கூச்சமில்லாமல் கேட்டுப் படிக்கிறேன். ஜெயசீலி டீச்சர்தான் எனக்கு மதிப்பெண் பகுப்பாய்வு சொல்லித் தருகிறார். "சார், இது கபடிய விட லேசுதான்" என்று கேலியும் செய்கிறார்.

தகுதிக்கு மிஞ்சிய பொறுப்பில் தவிக்கிறவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். உட்கார வைத்தவர் கைவிடமாட்டார். எங்கள் பள்ளியில் இப்போது காலை ஜெபத்துக்கு முன் எல்லா வகுப்பும் எண் சொல்லும். ஏழாம் வகுப்பு வரிசையின் கடைசியில் மெர்சியின் குரல் கேட்ட பிறகுதான் என் வாயில் ஜெபம் வருகிறது.