தண்ணீர் வராத கழிப்பறை

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் விடிந்ததிலிருந்து மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பாத்திதான். மறைவுக்கு ஒரு புதர் கிடையாது.

வைஜெயந்தி தன் எம்.ஏ. பொருளாதார ஆய்வில் இதை எழுதினார். விசாரித்த நாற்பது பெண்களில் முப்பத்தொரு பேருக்கு நீர்க்கடுப்பு. அதில் ஒருவர் அவருடைய அம்மா. ஆய்வுக்கு முதல் வகுப்பு கிடைத்தது. உப்பளத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த ஆத்திரத்தில் சட்டம் படித்து, வக்கீலாகி, வழக்குப் போட்டார்.

"வெட்டவெளிதானே, இவங்களுக்குச் சுவர் எதுக்கு?" என்று குத்தகைதாரர் பச்சமுத்து கோர்ட்டு வராண்டாவில் எல்லார் காதிலும் விழும்படி சிரித்தார்.

வழக்கு ஜெயித்தது. நீலப் பெயின்ட் அடித்த கழிப்பறை எழும்பியது. தண்ணீர் மட்டும் இல்லை.

"கட்டச் சொன்னாங்க, கட்டிட்டேன். ஆர்டர்ல தண்ணி எங்க இருக்குது?" என்றார் பச்சமுத்து.

வைஜெயந்தி தேர்தலில் நின்று ஒன்றியக் கவுன்சிலரானார். அவரையே கூப்பிட்டுக் கழிப்பறையைத் திறக்கவைத்து போட்டோ எடுத்துவிட்டால் வாயை அடைத்துவிடலாம் என்று பச்சமுத்து நினைத்தார். போன மாதம் பந்தல், மைக் செட், ரிப்பன். பத்து மணி வெயிலில் வந்தவர்களுக்கு மோர், இளநீர். பச்சமுத்து மட்டும் மூன்று இளநீர் குடித்தார்.

வைஜெயந்தி உள்ளே போய்க் குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை. வெளியே வந்து கத்திரிக்கோலைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"தண்ணி வந்ததும் வெட்டுறேன். அதுவரைக்கும் யாரும் கிளம்பக் கூடாது."

வெளியே போக வரப்பு மேல் ஒரே மண்பாதை. பச்சமுத்துவின் காருக்கு முன்னால் அந்தப் பாதையில் நாற்பது பெண்கள் உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பச்சமுத்து நாற்காலியில் நெளிந்தார். எழுந்தார். நாற்பது தலைகள் திரும்பின.

"போ மொதலாளி, வெட்டவெளிதானே!" என்றார் இருபது வருடமாக அங்கே உப்பு வாரும் மாரியம்மாள். "நாங்க பாக்கமாட்டோம்."

ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

"வழி விடச் சொல்லும்மா வைஜெயந்தி. படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?"

"படிச்சும் பாத்தேன். கோர்ட்டுக்கும் போனேன். எங்கம்மா இன்னும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறாங்க. உங்களுக்கு ரெண்டு மணி நேரம் தாங்கலையா?"

பச்சமுத்து போனை எடுத்தார். இத்தனை மாதம் வராத தண்ணீர் அரை மணி நேரத்தில் டேங்கர் லாரியில் வந்தது. பெண்கள் லாரிக்கு மட்டும் வழிவிட்டார்கள். மேல்தொட்டி நிறைந்தது.

"திங்கக்கிழமைக்குள்ள பைப்பு லைன் வரணும். இல்லன்னா திரும்பவும் விழா வைப்பேன். மோரும் உண்டு," என்று சொல்லி வைஜெயந்தி ரிப்பனை வெட்டினார்.

பச்சமுத்து கதவுக்கு ஓடினார்.

"கதவுல பெண்கள்னு போட்டிருக்குது, படிங்க. மாரியம்மா, நீ வா," என்றார் வைஜெயந்தி.

மாரியம்மாள் அவசரப்படவில்லை. பந்தலிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, பச்சமுத்துவின் எதிரிலேயே நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்புறம்தான் உள்ளே போனார்.