அண்ணியின் வயிறு அறிந்த வருடம்

என் அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அநேகமாக எந்தக் காரில் ஏறினாலும் அவருக்குக் குமட்டும். ஜன்னலோரம் உட்காரவைத்து, மடியில் ஒரு பையையும் கொடுத்தால்தான் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக்கூடக் கூட்டிப்போக முடியும். அப்படிப்பட்டவர்தான் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே கார்களைப் பற்றி அதிகம் தெரிந்தவர். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது. எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம், அதனால்தான் அவ்வளவு தாமதம்.

ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கும் எனக்கும் சொந்தம். தகரக் கூரை, இரண்டு குழி, பின்னால் பாகங்கள் அடுக்கிய அறை. நாங்கள் பார்ப்பது ஒரே வகைப் பழைய சின்னக் கார்தான். முன்விளக்குகள் துருத்திக்கொண்டிருப்பதால் அதைத் தவளை என்று கூப்பிடுவார்கள். வெளியே நின்று பார்த்தால் எல்லா வருடத்துத் தவளையும் ஒரே அச்சுதான். அடியில் படுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, காரின் உடலோடு சேரும் இடத்தில் ஒரு பிராக்கெட் இருக்கிறது. அந்தக் கார் வெளிவந்த முதல் மூன்று வருடம் அந்தப் பிராக்கெட்டில் துளை மேலே இருந்தது. நான்காம் வருடத்திலிருந்து அரை அங்குலம் கீழே இறக்கிவிட்டார்கள். கேட்டால் அரை அங்குலம்தானே என்பீர்கள். சக்கரம் நிற்கிற சாய்வு, வளைவில் கார் படுக்கிற விதம் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

அண்ணி பாகங்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டத்தான் வந்தார். வந்த புதிதில் ஒருநாள் ஒரு தவளையில் வீட்டுக்குப் போனார், வழியெல்லாம் வாந்தி. மறுவாரம் இன்னொரு தவளை, அதே நிறம், அதே பாதை, ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே கார்தானா என்று வந்து கேட்டார். ஒரே கார்தான், உங்கள் வயிறுதான் சரியில்லை என்றேன். அதோடு விட்டேனா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியையும் எடுத்துவிட்டேன்.

அன்று முதல், வெள்ளோட்டம் போகிற ஒவ்வொரு தவளையிலும் தானாக வந்து ஏறிக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், குமட்டும் என்று தெரிந்தே ஏறுகிற மனுஷி! போய்வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அண்ணனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு குழிக்குள் இறங்குவார். பார்த்ததைக் கிழித்த காலண்டர் தாளின் முதுகில் வரைவார். ஒரு வருடம் கழித்து அந்தத் தாள்களை மேஜையில் பரப்பினார். குமட்டிய கார்கள் எல்லாம் நான்காம் வருடத்தவை அல்லது அதற்குப் பிந்தியவை. குமட்டாதவை எல்லாம் அதற்கு முந்தியவை.

“நாலாம் வருஷத்துக் கார் வளைவுல சாஞ்சிட்டு, எழுந்திருக்கக் கொஞ்சம் யோசிக்குது தம்பி,” என்றார்.

கார் யோசிக்குமா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது யோசிக்கிறதோ இல்லையோ, நீ யோசிப்பதே இல்லை என்று அண்ணன் என் தலையில் தட்டினார்.

அதன்பிறகும் நான் திருந்தவில்லை. போன வருடம் வாட்ச்காரர் வந்து சேரும்வரை.

வாட்ச் ரிப்பேர் கடை நடத்துகிற அவருக்குச் சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஸ்டேஷன் என்று ஊரிலுள்ள பெரிய கடிகாரங்களை எல்லாம் அவர்தான் போய்ச் சரிசெய்வார். போவது ஒரு தவளையில். ஆக்சிலரேட்டர், கிளட்ச், பிரேக் மூன்றையும் கையால் இயக்குகிற மாதிரி மாற்றிய வண்டி. அவருக்குக் கொடுத்த அனுமதியும் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். வண்டிப் பரிசோதனையில் இரண்டு முறை தோற்றிருந்தார், ஸ்டியரிங்கில் கையைத் தளர்த்தினால் கார் வலப்பக்கம் இழுக்கிறது என்று. மூன்றாம் முறையும் தோற்றால் அனுமதி ரத்து. “அப்புறம் நான் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்,” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பதிவுப் புத்தகம் நான்காம் வருடம் என்றது. குழியில் இறங்கிப் பார்த்தேன், பிராக்கெட்டும் நான்காம் வருடம்தான். நான்காம் வருடத்து ஸ்பிரிங் ஜோடியாகப் போட்டேன். கார் வலப்பக்கம் இழுத்தது. புஷ் என்கிற ரப்பர் வளையங்களை மாற்றினேன். இழுத்தது. டயரை மாற்றினேன், ஸ்டியரிங்கை அக்கக்காகக் கழற்றிப் பூட்டினேன். சனியன், அப்போதும் இழுத்தது. மறுநாள் காலை பரிசோதனை. கையிலிருந்த ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பின்னறையில் இருந்த அண்ணி எட்டிப் பார்த்தார்.

பையை எடுத்துக்கொண்டு வாட்ச்காரருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெரிய மைதானத்தை முதலில் இடப்பக்கமாக மூன்று சுற்று சுற்றச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். அடுத்து வலப்பக்கமாகச் சுற்றச் சொன்னார். இரண்டாவது சுற்றில் முகம் வெளிறிவிட்டது. மூன்றாவது சுற்றில் பை தேவைப்பட்டது.

இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “இடப்பக்கம் வளைஞ்சா மூணாம் வருஷம். வலப்பக்கம் வளைஞ்சா நாலாம் வருஷம்.”

இடப்பக்கம் வளையும்போது காரின் பாரம் வலச்சக்கரத்தில் இறங்கும். வலப்பக்கம் வளைந்தால் இடச்சக்கரத்தில். அப்படியானால் வலச்சக்கரம் ஒரு வருடம், இடச்சக்கரம் இன்னொரு வருடம். ஒரே காருக்கு இரண்டு பிறந்தநாளா?

நான் செய்த தப்பு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. எங்கள் குழியின் படிகள் இடப்பக்கம். விளக்கு மாட்டுகிற கொக்கியும் இடப்பக்கம். பதினெட்டு வருடமாக நான் இறங்குவதும் இடப்பக்கம், பார்ப்பதும் இடப்பக்கம். இடது எப்படியோ வலதும் அப்படி என்று எழுந்துவிடுவேன். திரும்பி வந்ததும் குழியில் இறங்கி, விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனேன். பிராக்கெட்டின் மேலிருந்த தார்ப்பூச்சைச் சுரண்டினேன். துளை மேலே இருந்தது. சுத்தமான மூன்றாம் வருடம்.

நடந்தது இதுதான். கார் செய்யப்பட்டது மூன்றாம் வருடத்தில். விற்காமல் கிடந்து அடுத்த வருடம்தான் பதிவானது, அதனால் புத்தகத்தில் நான்கு. பிறகு யாரோ இடப்பக்கத்தை எங்கேயோ மோதி, கையில் கிடைத்த நான்காம் வருடப் பிராக்கெட்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பொய் சொல்லுகிற புத்தகத்துக்கு, மாற்றிவைத்த இரும்பு ஒன்று சாட்சி. நானும் இரண்டையும் நம்பினேன். ஒரு மனுஷியின் வயிற்றை மட்டும் நம்பவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, மூன்றாம் வருடத்து இடப்பக்கப் பிராக்கெட்டுக்கு இப்போது எங்கே போவது? அண்ணி பின்னறையின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துவந்தார். பிரித்தால் பிராக்கெட். கூடவே, துளைக்கு அம்புக்குறி போட்ட ஒரு காலண்டர் தாள். எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு இதைப் பழைய இரும்போடு தூக்கிப் போடச் சொல்லி இவரோடு மல்லுக்கு நின்றவன் நான்தான். போட்டுவிட்டேன் என்று அன்று தலையாட்டினார்.

“போட்டுட்டேன்னு சொன்னீங்களே அண்ணி?”

“தட்டுல போட்டேன் தம்பி.”

அண்ணன் பற்றவைத்தார். நான் இரண்டு பக்கமும் அளந்தேன், வலப்பக்கத்தை இரண்டு தடவை. முன்பக்கம் முழுவதற்கும் மூன்றாம் வருடத்துப் பாகங்களைப் பூட்டி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. இனி யாராவது போய்ப் பார்த்துவர வேண்டும். காலையில் அந்தப் பாடுபட்டவரை மறுபடி ஏறச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நானே போகிறேன் என்றேன். உங்களுக்கு என்ன தெரியும் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணியே ஏறி உட்கார்ந்தார். பையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

அதே மைதானம். வாட்ச்காரர் இடப்பக்கம் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் திருப்பினார். பின்னிருக்கையில் இருந்த நான் கண்ணாடியில், கண்ணை மூடியிருந்த அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. வாட்ச்காரர் காரை நிறுத்தினார்.

அண்ணி கண்ணைத் திறந்தார். வெளியே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பசிக்குது தம்பி. வீட்டுல சாப்பாடு ஏதாவது மிச்சம் இருக்குமா?”

வாட்ச்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலை பரிசோதகர் நேரான சாலையில் ஸ்டியரிங்கைத் தளரவிட்டு நெடுந்தூரம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். நான் கூடப் போகவில்லை. குழிக்கு வலப்பக்கமும் படி வெட்டிக்கொண்டிருந்தேன்.